வெயில் மிகுந்த நிலத்தில் ஒரு குறைபாடு: கருவுற்ற பெண்களின் வைட்டமின் டி நிலையும் சென்னைப் பகுதியின் மகப்பேற்று மருத்துவ வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற பெண்களிடம் காணப்படும் வைட்டமின் டி குறைபாடு அண்மைக்கால ஆய்வுக்கூடங்களின் கண்டுபிடிப்பாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயினும் வெயில், பெண்ணுடல், எலும்பு ஆகிய மூன்றையும் இணைத்துப் பேசிய மருத்துவ எழுத்துகள் இந்தியாவில் 1920-களிலேயே தோன்றிவிட்டன. அவை வட இந்தியாவின் திரைமுறையை நோயின் காரணமாக முன்வைத்தன. வெயில் மிகுந்ததும் பெண்கள் வெளியே வந்து உழைப்பதுமான சென்னை மாகாணம் அவ்விவாதத்தின் விளிம்பிலேயே நின்றது. அன்றைய விளக்கமுறை, பிற்காலத்தில் தென்னிந்தியக் குறைபாட்டை எவ்வாறு பார்வைக்கு அப்பால் வைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரான அண்ணனூரையும் அதனைச் சூழ்ந்த ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளையும் களமாகக் கொண்டு, இக்குறைபாட்டை வழக்கத்தின் விளைவாக மட்டுமன்றி வேலைநேரத்தின் விளைவாகவும் வாசிக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

திறவுச் சொற்கள்: வைட்டமின் டி, மகப்பேறு, எலும்பு மென்மை நோய், கோஷா மருத்துவமனை, குன்னூர் ஆய்வகம், அண்ணனூர், பெண் தொழிலாளர்.

முன்னுரை

அண்ணனூர், சென்னை சென்ட்ரல் – அரக்கோணம் புறநகர் இருப்புப்பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையில் அமைந்த ஊர். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய தென்னகத்தின் முதல் பயணிகள் தொடர்வண்டி இவ்வட்டாரத்தின் வழியாகவே சென்றது. ஏரிப்பாசன வயல்கள் நிறைந்திருந்த இப்பகுதி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொழிற்பேட்டைகளும் குடியிருப்பு மனைகளும் அடர்ந்த புறநகராயிற்று. 2019-இல் அமைக்கப்பட்ட ஆவடி மாநகராட்சியின் எல்லைக்குள் இன்று இவ்வூர் அடங்கும்.

ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால், ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும், ஞாயிறு இவ்வூரின் நேர் உச்சியில் நிற்கிறது. தோலில் வைட்டமின் டி உருவாக வேண்டிய புறஊதாக் கதிர் இங்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ஐரோப்பாவின் குளிர்கால நகரங்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட ஒரு குறைபாடு இத்தகைய நிலத்தில் தோன்றக் காரணம் என்ன என்பது மருத்துவ வினா. அக்குறைபாடு இத்தனை காலம் வினாவாகக்கூட எழாமற்போனது ஏன் என்பது வரலாற்று வினா. இக்கட்டுரை இரண்டாவது வினாவை முதன்மையாகக் கொள்கிறது.

1. வெயிலும் எலும்பும்: அறிவியல் பின்புலம்

குழந்தைகளின் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய்க்கும் வெயிலுக்கும் உள்ள தொடர்பை 1890-இல் தியோபால்டு பாம் சுட்டிக்காட்டினார். மருத்துவ மறைப்பணியாளராக ஜப்பானில் பணியாற்றிய அவர், வெயில் மிகுந்த கீழை நாடுகளில் இந்நோய் அரிதாக இருப்பதையும் தொழில்நகரங்கள் நிறைந்த பிரிட்டனில் அது பெருகியிருப்பதையும் ஒப்பிட்டார். 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, புறஊதாக் கதிர் விளக்கின் துணையால் இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் எட்வர்டு மெல்லன்பி நாய்க்குட்டிகளைக் கொண்டு உணவுக் காரணத்தை நிறுவினார். மீன் எண்ணெயில் உள்ள எலும்பு காக்கும் பொருள் வைட்டமின் ஏ-யினின்று வேறானது என்று 1922-இல் மெக்காலம் குழுவினர் தெளிவுபடுத்தினர். அப்பொருளே வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது.

இவ்வாறு, ஒரே நோய்க்கு வெயில், உணவு என இரு காரணங்கள் ஒரே காலத்தில் முன்வைக்கப்பட்டன. இந்திய விவாதம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலேயே நகர்ந்தது. வளர்ந்தோரிடம் இக்குறைபாடு ஆஸ்டியோமலேசியா எனப்படும் எலும்பு மென்மை நோயாக வெளிப்படும். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாயின் சுண்ணாம்புச்சத்து குழந்தைக்குச் செல்வதால் இந்நோய் முற்றுகிறது. இடுப்பெலும்பு சுருங்கி இயல்பான மகப்பேறு இயலாமற்போகிறது. பீக்கிங்கில் பணியாற்றிய பிரெஸ்டன் மேக்ஸ்வெல், இந்நோயுற்ற தாய்மார்க்குப் பிறந்த குழந்தைகள் சிலர் பிறவியிலேயே ரிக்கெட்ஸ் நோயுடன் பிறப்பதை நிறுவினார். தாயின் குறைபாடு சேயின் குறைபாடாகிறது என்ற கருத்து இவ்வழியே வலுப்பெற்றது.

2. திரைமுறை விளக்கமும் அதன் எல்லையும்

1922-இல் ஹட்சிசன், ஷா ஆகிய இருவரும் பம்பாய் மாகாணத்தின் நாசிக் பகுதியில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். வறிய உணவு உண்டாலும் வெட்டவெளியில் வளர்ந்த உழைக்கும் மக்களின் குழந்தைகளிடம் ரிக்கெட்ஸ் அரிதாக இருந்தது. நல்ல உணவு கிடைத்தும் வீட்டுக்குள்ளேயே அடைந்திருந்த வசதிபடைத்த குடும்பங்களில் அது காணப்பட்டது. உணவை மட்டும் முதன்மைப்படுத்திய மெல்லன்பியின் கருத்துக்கு இந்தியக் களம் இவ்வாறு மறுமொழி தந்தது.

1928-இல் வெளிவந்த காத்லீன் வாகனின் நூல் இவ்விவாதத்தைப் பெண்களின் மகப்பேற்றோடு நேரடியாக இணைத்தது. காஷ்மீரில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், திரைக்குள் வாழ்ந்த பெண்களிடம் இடுப்பெலும்புச் சுருக்கமும் கடின மகப்பேறும் மிகுந்திருந்ததையும், படகுகளில் வாழ்ந்து திறந்தவெளியில் உழைத்த பெண்கள் எளிதாக மகப்பேறு அடைந்ததையும் ஒப்பிட்டு, ஒளியின்மையே நோய்க்குக் காரணம் என்றார். மருத்துவ நோக்கில் இது கூர்மையான கவனிப்பு. ஆனால் அது வெளிவந்த சூழலைப் புறந்தள்ள இயலாது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கேதரின் மேயோவின் நூல் இந்தியப் பெண்களின் நிலையைக் காட்டி இந்தியர்க்குத் தன்னாட்சித் தகுதி இல்லை என்று வாதிட்டிருந்தது. எலும்பு நோய் பற்றிய பேச்சு பண்பாட்டைக் குற்றஞ்சாட்டும் பேச்சாக எளிதில் மாறக்கூடிய காலம் அது.

டாக்மர் வில்சன் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காங்ரா பள்ளத்தாக்கு உள்ளிட்ட வட இந்தியப் பகுதிகளில் இந்நோயைத் தொடர்ந்து ஆராய்ந்து, திரைமுறையோடு உணவின் பங்கையும் கணக்கில் கொண்டார். எனினும் பொதுவெளியில் நிலைத்தது ‘திரைமுறை நோய்’ என்னும் எளிய சித்திரமே. இச்சித்திரத்துக்குள் ஒரு மறைமுக முடிவும் அடங்கியிருந்தது: திரைமுறை இல்லாத இடத்தில் இக்குறைபாடும் இல்லை. காஷ்மீர், பஞ்சாப், நாசிக் ஆகியவையே விவாதத்தின் களங்களாயின. நெல்வயலில் நாற்று நடும் பெண்களைத் தன் அடையாளமாகக் கொண்ட சென்னை மாகாணம் அதன் மையத்துக்கு வரவில்லை.

3. சென்னை: கோஷா மருத்துவமனையும் இரத்தசோகையும்

சென்னையில் மறைந்து வாழ்ந்த பெண்கள் இல்லாமலில்லை. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், 1885-இல் ‘சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான’ மருத்துவமனையைத் தோற்றுவித்தார். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் அங்கு மருத்துவம் பெறவேண்டும் என்பது நோக்கம். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனையாக அது விளங்குகிறது. மக்கள் நாவில் இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரியே. வீட்டுக்குள் அடைந்து வாழும் பெண்கள் மாகாணத் தலைநகரிலேயே இருந்தனர் என்பதற்கு அம்மருத்துவமனையின் பெயரே சான்று.

1931-இன் தொடக்கத்தில் இம்மருத்துவமனையில் சிறிது காலம் பணியாற்றியவர் லூசி வில்ஸ். பம்பாய் ஆலைப் பகுதிகளின் கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய 1928-இல் இந்தியா வந்த அவர், குன்னூரிலும் பணிபுரிந்தார். ஈஸ்ட் சாறு அந்நோயைக் குணப்படுத்துவதை 1931-இல் அறிவித்தார். அச்சாற்றிலிருந்த பொருளே பின்னர் போலிக் அமிலம் என அறியப்பட்டது. உலகெங்கும் கருவுற்ற பெண்களுக்கு இன்று வழங்கப்படும் மாத்திரையின் வரலாற்றில் சென்னைக்கும் இவ்வகையில் ஓர் இடம் உண்டு.

இங்குக் கவனிக்க வேண்டியது முன்னுரிமையின் அமைப்பு. இரத்தசோகை பேற்றுக்கால மரணத்துக்கு நேரடியாக இட்டுச்செல்வது. நுண்ணோக்கியின் கீழ் ஒரு துளி இரத்தத்தில் அதனைக் காணலாம். எலும்பின் குறைபாடோ முற்றி இடுப்பெலும்பைச் சிதைத்த பின்னரே வெளிப்படுவது. அந்நிலையை எட்டாத குறைபாட்டை அறியும் கருவி அன்று இல்லை. ஆகவே சென்னை மருத்துவர்கள் இரத்தத்தை நோக்கித் திரும்பியது பிழையன்று; அன்றைய கருவிகளும் அன்றைய மரணங்களும் வகுத்த தெரிவு அது. அத்தெரிவின் நீட்சியை இன்றும் காணலாம். தமிழ்நாட்டின் மகப்பேற்றுத் திட்டங்களில் இரும்புச்சத்தே பேச்சின் மையமாக நிற்கிறது.

4. குன்னூர் ஆய்வகமும் சுறா எண்ணெயும்

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதன் முதல் இயக்குநரான இராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டபோது, கோதுமையும் பாலும் சேர்ந்த வடமேற்கு உணவு உயர்நிலையிலும் அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை உணவு தாழ்நிலையிலும் நின்றன. தென்னகத்தின் குறை அரிசியில், அதாவது தட்டில் உள்ளது என்னும் பார்வையை இது உறுதிப்படுத்தியது. வெயில் கணக்கில் வரவில்லை. அது தாராளமாகக் கிடைப்பதாகவே கொள்ளப்பட்டது.

இரண்டாம் உலகப்போரின்போது நார்வேயிலிருந்து வந்த காட் மீன் எண்ணெய் தடைப்பட்டது. அதன் இடத்தில், அன்று சென்னை மாகாணத்தின் பகுதியாயிருந்த கோழிக்கோட்டில் சுறாமீன் எண்ணெய் உற்பத்தியை மீன்வளத்துறை மேற்கொண்டது. சுறா எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி. வைட்டமின் டி, காட் எண்ணெயோடு ஒப்பிடக் குறைவு. கண்பார்வைக் குறைபாடு பெருகியிருந்த மாகாணத்துக்கு அது உற்ற மாற்றாக அமைந்தது. வைட்டமின் டி-யின் குறைவு பெருங்கவலையாகத் தோன்றாததற்கும் வெயில் பற்றிய அதே நம்பிக்கை இடமளித்தது.

இந்நம்பிக்கை நெடுங்காலம் நீடித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2010-ஆம் ஆண்டு ஊட்டச்சத்துப் பரிந்துரையில்கூட, வெயில் படும் வாய்ப்பு மிகக் குறைந்த நிலையில் மட்டுமே நாள்தோறும் 400 அலகு வைட்டமின் டி அறிவுறுத்தப்பட்டது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தமே வளர்ந்தோர்க்கு 600 அலகு என்று வரையறுத்தது. நூறாண்டுக் கால எண்ணம் ஒரு பட்டியலின் அடிக்குறிப்பில் தங்கியிருந்து மெல்ல விலகியதை இம்மாற்றம் காட்டுகிறது.

5. அளவீட்டின் வருகை

1968-இல் டிலூக்காவின் குழுவினர் இரத்தத்தில் சுழலும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி-யை இனங்கண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் அதனை அளக்கும் முறைகள் உருவாயின. எலும்பு வளையும் முன்பே குறைபாட்டை எண்ணாகக் காணும் காலம் இவ்வாறு பிறந்தது.

இந்த எண்கள் தெற்காசியப் பெண்களை முதலில் தொட்டது பிரிட்டனில் எனலாம். 1980-இல் புரூக் குழுவினர் இலண்டனில் வாழ்ந்த ஆசியக் கருவுற்ற பெண்கள் 126 பேரிடம் நடத்திய சோதனையில், கடைசி மூன்று மாதங்களில் நாள்தோறும் 1000 அலகு வைட்டமின் டி பெற்றவர்களின் குழந்தைகள் மேம்பட்ட நிலையில் இருந்தன. பெறாதவர்களின் குழந்தைகள் ஐவரிடம் சுண்ணாம்புச்சத்துக் குறைவின் அறிகுறிகள் தோன்றின. ஆனால் அடுத்த ஆண்டு தொடங்கிய ரிக்கெட்ஸ் ஒழிப்புப் பரப்புரை, புலம்பெயர்ந்தோரின் உணவையும் உடையையும் மாற்றச் சொல்வதாக விமரிசிக்கப்பட்டது. 1928-இன் வாதம் வேறொரு மண்ணில் மீண்டும் ஒலித்தது.

2005-இல் வெளியான இலக்னோ ஆய்வு 207 கருவுற்ற பெண்களை உள்ளடக்கியது. அவர்களுள் 84 விழுக்காட்டினர் மில்லிலிட்டருக்கு 22.5 நானோகிராம் என்ற அளவுக்குக் கீழே இருந்தனர். தாயின் சராசரி அளவு 14. தொப்புள்கொடி இரத்தத்தின் அளவு 8.4. தென்னகத்தில், 2009-இல் வெளியான மைசூர் ஆய்வு 559 கருவுற்ற பெண்களுள் 66 விழுக்காட்டினரிடம் லிட்டருக்கு 50 நானோமோல் என்ற அளவுக்குக் குறைவான நிலையைக் கண்டது. மைசூரின் அகலாங்கு 12 பாகையே. ஆயினும் அக்குறைவு குழந்தையின் பிறப்பு அளவையோ தாயின் கர்ப்பகால நீரிழிவையோ பாதித்ததாக அவ்வாய்வில் தெரியவில்லை.

இவ்விரு வகைச் சான்றுகளையும் ஒரே கோட்டில் வைப்பதில் எச்சரிக்கை தேவை. வாகன் கண்டது சிதைந்த எலும்பு. மைசூர் ஆய்வு கண்டது எல்லைக்கோட்டுக்குக் கீழான ஓர் எண். அந்த எல்லைக்கோடும் நிலையானதன்று. அமெரிக்க அகச்சுரப்பியல் சங்கம் 2011-இல் போதுமான அளவாகக் கூறிய 30 நானோகிராம் என்ற வரையறையை 2024-இல் கைவிட்டது. எனவே, அன்று சிலருக்கிருந்த நோய் இன்று பெரும்பாலோர்க்குப் பரவிவிட்டது என்று கூறுவது வரலாற்றுப் பிழை. நோயை அறியும் முறை மாறியது, வாழ்நிலையும் மாறியது. இரண்டையும் பிரித்தறிவதே ஆய்வாளரின் கடமை.

6. நண்பகலின் வரலாறு: அண்ணனூர்ப் பகுதி

வாழ்நிலை மாற்றத்தை விளக்க, அண்ணனூரிலிருந்து வடமேற்கே நெடுந்தொலைவில் இல்லாத திருப்பதியில் ஹரிநாராயணன் குழுவினர் நடத்திய ஆய்வுகள் உதவுகின்றன. 2007-இல் வெளியான அவர்களது ஆய்வில், நகர மக்களைவிட ஊரக மக்களிடமும், பெண்களைவிட ஆண்களிடமும் வைட்டமின் டி அளவு கூடுதலாக இருந்தது. உணவில் சுண்ணாம்புச்சத்து குறைவாகவும் அதனை உடலில் சேரவிடாத பைட்டேட் மிகுதியாகவும் இருந்தது. சுண்ணாம்புச்சத்து குறையும்போது உடலிலுள்ள வைட்டமின் டி விரைவாகச் சிதைகிறது என்பது 1987-லேயே அறியப்பட்டது. ஆகவே வெயிலும் உணவும் எதிரெதிர்க் காரணங்கள் அல்ல. ஒன்றன் குறையை மற்றொன்று பெருக்குகிறது. 2013-இல் வெளியான ஆய்வு, திருப்பதியின் வெயிலில் வைட்டமின் டி உருவாக்கம் முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 வரையிலான பொழுதிலேயே உச்சம் பெறுகிறது எனக் காட்டியது. குழந்தைக்கு இளவெயில் காட்டும் தமிழ் வழக்கு உடலுக்கு இதமானதே. ஆனால் சாய்ந்து வரும் காலைக் கதிரில் இதற்குரிய புறஊதாக் கூறு மிகக் குறைவு.

எனவே கேட்கப்பட வேண்டிய வினா, நண்பகலில் இப்பகுதிப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதாகும். வயல் சார்ந்த காலத்தில் நடவும் களையெடுப்பும் அறுவடையும் பெண்களை அப்பொழுதில் வெளியில் வைத்திருந்தன. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை அமைந்தது. 1960-களில் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தன. பின்னர் ஏற்றுமதி ஆடைத் தையற்கூடங்களும் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் பெண்களைப் பெருமளவில் வேலைக்குச் சேர்த்தன.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, பெண்களின் பாதுகாப்புக் கருதி அவர்களது பணிநேரத்தைக் காலை 6 மணி முதல் மாலை 7 மணிக்குள் அடக்கியது. சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது 2000-இல்தான். ஓய்வு இடைவேளையாக அச்சட்டம் உறுதியளித்தது, ஐந்து மணிநேரப் பணிக்குமேல் போகாமல் குறைந்தது அரைமணி நேரமே. இரவிலிருந்து பெண்ணைக் காத்த விதி, பகல் முழுவதையும் கூரையின்கீழ் வைத்தது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த 12 வார விடுப்பில் பேற்றுக்கு முன் எடுக்கத்தக்கது 6 வாரம். 2017-இன் திருத்தம் 26 வாரமாக உயர்த்தியபோதும் பேற்றுக்கு முன் 8 வாரமே. கருவின் எலும்பு விரைந்து இறுகும் கடைசி மூன்று மாதங்களின் ஒரு பகுதியும் பணிக்கூடத்திலேயே கழிகிறது. வேலைக்குச் செல்லாத பெண்களுக்கோ, மனைகள் நெருங்கி முற்றம் மறைந்த வீடுகளில் தனிமையோடு வெயில் காயும் இடமும் அருகியது. இங்குத் திரையாக நிற்பது துணியன்று; கூரையும் கடிகாரமும்.

7. மாத்திரையும் கொள்கையும்

இந்திய அரசு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருவுற்ற 14-ஆம் வாரம் முதல் பேற்றுக்குப்பின் ஆறு மாதம் வரை நாள்தோறும் இரு சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளைப் பரிந்துரைத்தது. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் 250 அலகு வைட்டமின் டி-யும் உள்ளன. பேற்றுக்கால இரத்தக்கொதிப்பு நோயைத் தடுப்பதே அத்திட்டத்தின் முதன்மை நோக்கம். வைட்டமின் டி அங்குத் துணையாகவே நுழைந்தது. உலக நலவாழ்வு நிறுவனமோ 2016-இலும் 2020-இலும், கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் வைட்டமின் டி வழங்குவதைப் பரிந்துரைக்கவில்லை. குறைபாடு ஐயுறப்படுவோர்க்கு 200 அலகு அளிக்கலாம் என்றது. அகச்சுரப்பியல் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டுக் கருத்து, சோதனையின்றியே கருவுற்றோர்க்கு இதனை அளிக்கலாம் என்பதாகும். இம்முரண்பாடுகள் தீரும்வரை மருத்துவமனை வாயிலில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைப்பது ‘வெயிலில் நில்லுங்கள்’ என்னும் அறிவுரையே. நண்பகலில் தன் நேரத்தின்மீது உரிமையற்றவளுக்கு அவ்வறிவுரை, நிறைவேற்ற இயலாத கடமையாகிறது.

முடிவுரை

1920-களின் இந்திய மருத்துவ எழுத்துகள் வெயிலுக்கும் தாய்மைக்கும் உள்ள உறவைச் சரியாகவே கண்டன. ஆனால் வெயிலின்மையைத் திரைமுறையோடு பிணைத்ததன் வழி, திரையற்ற நிலத்தைக் குறைபாடற்ற நிலமாகக் கொள்ளும் எண்ணத்துக்கு வித்திட்டன. இரத்தசோகையின் கொடுமையும் அரிசி உணவு பற்றிய கவலையும் சென்னைப் பகுதியின் கவனத்தை வேறு திசையில் நிறுத்தின. 2000-க்குப் பின் வந்த அளவீடுகள் அக்காணாமையை வெளிப்படுத்தின. எனினும் அவை கூறும் எண்களின் பொருள் இன்னும் விவாதத்துக்கு உரியது.

அண்ணனூர் போன்ற புறநகர்கள் இவ்வரலாற்றில் புதிய வினா ஒன்றை எழுப்புகின்றன. வெயில் ஊருக்குப் பொதுவானது. வெயிலில் நிற்கும் நேரம் பொதுவானதன்று. தொழிற்சட்டம், விடுப்பு விதி, வீட்டமைப்பு, உணவு ஆகியவற்றின் வரலாறுகளை மருத்துவ வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும்போதே, தாயின் எலும்பில் பதியும் குறைவுக்குத் தாயைப் பொறுப்பாக்கும் பழைய பிழையிலிருந்து விலக இயலும். தொழிற்பேட்டைகளின் பணிநேரப் பதிவேடுகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் மகப்பேற்றுப் பதிவேடுகளும் அவ்வாசிப்புக்கான மூலங்களாக ஆய்வாளர்களின் கவனத்தைக் கோருகின்றன.